நேரில் பார்த்தவள்

செஞ்சி
12.1.2026

அன்புள்ள அக்காவுக்கு டெய்சி எழுதுவது. ஆண்டவர் துணையால் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எல்லோர் கையிலும் போன் இருக்கிற காலத்தில், உன் ஒருத்திக்காகத்தான் தபால்காரர் என் ஜெராக்ஸ் கடைப் படியேறுகிறார். உங்கள் கன்னியர் மடத்தில் போனும் ஆகாது, வெளியே வரவும் ஆகாது என்று தெரிந்துதானே போனாய். ஆனாலும் சில நாள் உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு விபத்து. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார் என்று எழுதினேனே, அப்படித் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஆறரை மணி இருக்கும். எனக்கு இருபது அடி முன்னால் அம்மாக்கண்ணு என்றொரு அம்மா. கோட்டையில் கூட்டிப் பெருக்கும் வேலை. தினமும் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு வண்டி அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் ஓடிப்போய் மடியில் தாங்கிக்கொண்டேன். ஒரு செருப்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. டிபன் டப்பா திறந்து பழைய சோறு எல்லாம் கொட்டிப் போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆயிற்று. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் கூப்பிட்டு எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்த ஏட்டு, "நீங்கதாம்மா ஐ விட்னெஸ். கூப்ட்டா வரணும்" என்றார். டிவியில் நூறு தடவை கேட்ட வார்த்தைதான். ஐ என்றால் நான், அதனால் 'நான் சாட்சி' என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். காகிதத்தில் பார்த்தால் எழுத்து வேறு மாதிரி இருக்கிறது. மடத்துக்குப் போகுமுன் பதினோரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நீ. சரியான அர்த்தம் என்ன, அப்படி ஒருத்தியை என்னவெல்லாம் கேட்பார்கள் என்று எழுது.

மதருக்கு என் தோத்திரம்.

உன் தங்கை
டெய்சி

கார்மேல் மடம்
24.1.2026

பிரியமுள்ள டெய்சிக்கு, அக்காவின் ஆசீர்வாதம். முழங்கால் முன்புபோலத்தான். முழந்தாளிட முடிகிறது, எழுந்திருக்கத்தான் ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்காக இங்கே எல்லோரும் ஜெபித்தோம்.

நீ கேட்ட சொல்லில் ஐ என்பது நான் அல்ல, கண். விட்னெஸ் என்றால் சாட்சி. அந்தச் சொல்லின் வேரில் அறிவு என்ற பொருள் இருக்கிறது. ஆகவே கண்ணால் அறிந்தவர். இரண்டையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். என் மாணவிகள் பிரித்துப் பிரித்து எழுதுவார்கள், நானும் சிவப்பு மையால் சேர்த்துக்கொண்டே இருப்பேன்.

பேச்சில் அதை எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்தவனும் டீக்கடையில் 'நான்தான் ஐ விட்னெஸ்' என்பான். கோர்ட்டில் அப்படி முடியாது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், ஊரே பேசிக்கொண்டது என்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான். தன் கண்ணால் கண்டதை, கண்ட அளவுக்குச் சொல்பவருக்கே அந்தப் பெயர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. என்ன வண்டி, எந்த வேகம், ஓட்டியவர் யார் என்று கேட்பார்கள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். டப்பாவில் என்ன சோறு என்றுகூட எழுதியிருக்கிறாய். வண்டி என்ன நிறம் என்று இல்லை. தம்பி பெலிக்ஸைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அவன் வீட்டுப் பின்கட்டில்தானே இருக்கிறாய். அவனுக்கும் அமலாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மதர் உன்னை விசாரித்தார்கள்.

அன்புடன்
வெரோனிகா

செஞ்சி
2.2.2026

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. அண்ணன், அண்ணி இருவரும் சுகமே.

அம்மாக்கண்ணு இறந்துவிட்டார்கள். பதின்மூன்றாம் தேதி, போகிக்கு முந்தின நாள். ஒரே மகள், வெண்மதி என்று பெயர். மேல்சித்தாமூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அடக்கத்துக்கு நான் போகவில்லை. கிளம்பினேன், போகவில்லை.

வண்டி நம் வண்டிதான் அக்கா. அண்ணன் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றுகிற லோடு வண்டி. ஒரு கடை கேமராவில் நம்பர் தெரிந்ததால் அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் டிரைவர் ராஜாராம் தான்தான் ஓட்டியதாக ஸ்டேஷனில் போய்ச் சொல்லி ஜெயிலில் இருக்கிறார். இரண்டு நாளில் வெளியே வந்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆள் செத்துப்போனதாலும், நிற்காமல் போனதாலும் கேஸ் பெரிதாகிவிட்டது.

ஓட்டியது யார் என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு, கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நிறம் வெள்ளை.

டெய்சி

கார்மேல் மடம்
12.2.2026

பிரியமுள்ள தங்கைக்கு, ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடு. வரும் புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் முழுதும் எங்களுக்குக் கடிதம் எழுதவோ பெறவோ அனுமதி இல்லை. வருகிற கடிதங்களை மதர் எடுத்து வைத்துவிடுவார்கள். எனவே ஈஸ்டர் உயிர்ப்புப் பெருவிழா வரை என் பதில் வராது.

இறந்தவரின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ராஜாராம் ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிறபோது நீ மனதைப் போட்டு வதைக்காதே. விடியற்காலைப் பனியில் கண் நன்றாகத் தெரிந்திருக்காது. பதற்றத்தில் ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொள்வதும் உண்டு. நிச்சயம் இல்லாததைச் சொல்லக் கூடாது என்பதற்காகவே போன கடிதத்தில் அவ்வளவு விளக்கி எழுதினேன். நைனா போனபின் அப்பா இடத்தில் நின்று நம் மூவரையும் ஒரு வீடாக வைத்திருந்தவன் பெலிக்ஸ். அதையும் நினைத்துக்கொள்.

பத்திரமாக இரு.

வெரோனிகா

செஞ்சி
20.2.2026

அக்கா, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். இதை நீ படிக்க இன்னும் ஒன்றரை மாதம் ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பனி என்று நான் எழுதவில்லை. இரண்டு கடிதத்தில் ஒன்றிலும் எழுதவில்லை. அன்று பனியும் இல்லை. ராஜகிரி மலை உச்சியில் இருக்கிற கட்டடத்தின் ஜன்னல்கூடத் தெரிந்தது. பனி என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆள். அண்ணன் உன்னை வந்து பார்த்தானா? பார்த்தால் பார்த்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. உன் கையெழுத்தில் அவன் பேச்சைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அண்ணன்தான் ஓட்டினான். ராஜாராம் வண்டியிலேயே இல்லை. ராத்திரியெல்லாம் அண்ணனே லோடு அடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கிறான். இடித்ததும் வண்டி நின்றது. நிற்கவில்லை என்று நான் எழுதியதும் சரியில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. அவன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். நான் "அண்ணா" என்று கூப்பிட்டேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனுடைய லைசென்ஸ் போன வருஷமே முடிந்துவிட்டது. அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

டெய்சி

செஞ்சி
8.3.2026

அக்கா, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை. உன் முழங்காலுக்கு முடக்கத்தான் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதையும் எடுத்து வைத்துவிடுவார்களா, தெரியவில்லை.

நேற்று ராஜாராம் மனைவி அமிர்தவல்லி கடைக்கு வந்தாள். ஜாமீனுக்காக ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமாம். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பாட்டுக்குப் பேசினாள்.

"அன்னைக்கு காலைல அவரு வூட்ல தூங்கினு இருந்தாருக்கா. போன் வந்துச்சி. நான்தான் எழுப்பிக் குடுத்தேன். சட்டையக்கூட சரியா போடாம ஓடனாரு."

மெஷின் மூடியைத் திறந்தேன்.

"நான் சொன்னா, பொண்டாட்டி அப்டித்தான் சொல்லுவான்றாங்க. ஜெயில்ல போய் அவரையே கேட்டேன். 'அண்ணன் கேட்டுது, சரின்னுட்டேன், நீ சும்மா இரு'ன்றாரு. ஒம்போது வருசமா அந்த வண்டி ஓட்றாரு, ஒரு கோழி மேலகூட ஏத்தனதில்ல." பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க அங்க இருந்தீங்களாமேக்கா."

தாளைத் தலைகீழாக வைத்து எடுத்துவிட்டேன். மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வரேங்கா" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அமிர்தவல்லி மனு கொடுத்திருக்கிறாள் போல. இருபத்துநாலாம் தேதி மாஜிஸ்ட்ரேட் முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று காகிதம் வந்திருக்கிறது. அண்ணன் அதை வாங்கிப் படித்தான்.

"பொய் சொல்லச் சொல்லல. ஞாபகம் இல்லன்னு சொல்லு, அவ்ளோதான்."

"ஞாபகம் இருக்குதேண்ணா."

"ராஜாராமுக்கு வக்கீல் நான்தான் வச்சிருக்கேன். கேஸ் நிக்காது. நீ வாயத் தொறந்தாதான் நிக்கும்."

"அதுவரைக்கும் அவரு உள்ளயே இருக்கணுமா?"

"உன் புருசன் ஸ்டீபன் செத்தப்ப உன்ன யாரு கூட்டினு வந்தது? இதே வூட்லதான இருக்குற? நாளைக்கு எங்க போவ?"

அண்ணி சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு போட்டாள். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

அவன் கெட்டவன் இல்லை அக்கா. உனக்கு அது தெரியும். அதுதான் என்னைக் கொல்கிறது.

டெய்சி

செஞ்சி
11.3.2026

அக்கா அவர்களுக்கு தம்பி பெலிக்ஸ் வணக்கம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், தப்பிருந்தால் மன்னிக்கவும். நோன்புக் காலத்தில் உங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள் என்று சொன்னார்கள். அவசரம் என்று கவர் மேல் எழுதியிருக்கிறேன்.

நான் நேரில் வந்து அழுததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சொன்னபடி டெய்சிக்கு எழுதினீர்கள், நன்றி. ஆனால் அவள் கேட்கிற மாதிரி இல்லை. இன்னொரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் உள்ளே போனால் வண்டி போகும், வேலை போகும், அமலா தனியாக நிற்பாள். ராஜாராம் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், விடமாட்டேன்.

அவள் கோர்ட்டுக்குப் போனால் அப்புறம் என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு
பெலிக்ஸ்

கார்மேல் மடம்
19.3.2026

டெய்சி, இன்று சூசையப்பர் திருநாள். எங்கள் சபைக்குப் பெரிய விழா என்பதால் மதர் விலக்குக் கொடுத்துக் கடிதங்களைத் தந்தார்கள். உன்னுடையவை இரண்டு, பெலிக்ஸுடையது ஒன்று. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். உன் தைலமும் வந்தது.

ஆம், அவன் வந்தான். பிப்ரவரி எட்டு, ஞாயிறு. பேசும் அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நைனாவின் சாவுக்குக்கூட அழாதவன், தோள் குலுங்க அழுதான். தான் ஓட்டியதாக அவன் சொல்லவில்லை. 'பனி, ஒண்ணும் தெரியல, டெய்சி வேற எதையோ நெனச்சினு இருக்கா' என்றான். நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அறைக்கு வந்து, அவன் சொன்னதை என் வார்த்தையாக்கி, ஜெபத்தையும் சேர்த்து உனக்கு எழுதினேன். அவன் வந்ததை மறைத்தேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று உனக்குப் பாடம் எழுதிய மூன்றாவது வாரம் அது.

நான் எதையும் பார்த்தவள் இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம் கேள்விப்பட்டது. நீ பார்த்தாய். பார்த்ததைச் சொல். இதை எழுதுவதால் என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்புகிறேன் என்று அறிந்தே எழுதுகிறேன். அவனுக்கும் தனியே எழுதி, நீயே போய் ஒப்புக்கொள் என்று கேட்டிருக்கிறேன்.

இது இருபத்துநாலுக்குள் உன் கைக்குச் சேர வேண்டும். மடத்துக்கு வெளிவேலை செய்பவர் சனிக்கிழமைதான் தபாலாபீஸ் போவார். விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ எங்கே தங்குவாய் என்று தெரியாமலேதான் இதை அனுப்புகிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்கவும் இப்போது வாய் வரவில்லை.

அக்கா

செஞ்சி
30.3.2026

அன்புள்ள அக்காவுக்கு, நலம். கடை மாடியில் ஒரு ரூம் இருக்கிறது, முன்பு பேப்பர் கட்டு வைத்திருந்தோம். அதைக் கழுவிவிட்டு அங்கேதான் இருக்கிறேன். தண்ணீர் கீழிருந்து தூக்க வேண்டும். மற்றபடி வசதிதான்.

உன் கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. நான் அதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டேன்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா, என்னைவிடச் சின்ன வயது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது சொல்லிக் குடுத்து வந்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "யாராவது மிரட்டினாங்களா?" என்றார்கள். அதற்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம், "ஓட்டினவர் உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்கள். "கூடப் பிறந்த அண்ணன்" என்றேன். அவர்கள் பேனாவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்றார்கள். ஸ்டேஷனில் கவனிக்கவில்லை என்று சொன்னது தப்பு என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. என் துணிமணியை எடுக்க வீட்டுக்குப் போனேன். அண்ணன் முற்றத்தில் வண்டி டயரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கால கீழ வச்சதயுமா?"

"அதயும்தான்."

ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையை வேட்டியில் துடைத்தான். அடிப்பானோ என்று நினைத்தேன். "சாப்டியா?" என்றான். நான் ஆமாம் என்றேன், சாப்பிடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணி என் பையை வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை அண்ணன் தானே ஸ்டேஷனுக்கு நடந்து போயிருக்கிறான். வண்டியில் போகவில்லை, வக்கீலையும் கூட்டிப் போகவில்லை. உன் கடிதம் அவனுக்கும் அப்போது வந்திருக்கவில்லை. நான் சொன்னதால் போனானா, தானாகத்தான் போனானா, தெரியவில்லை.

ராஜாராம் வெளியே வந்துவிட்டார். பொய்யாக ஒப்புக்கொண்டதற்கு அவர் மேலும் விசாரணை இருக்கிறதாம். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். தன்னால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று வருத்தமாம். அமிர்தவல்லிதான் இரண்டு நாள் சோறு கொடுத்தனுப்பினாள்.

நீ மறைத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் முதல் கடிதத்தில் மறைத்தேன். அதனால் விடு.

டெய்சி

கார்மேல் மடம்
6.4.2026

பிரியமுள்ள டெய்சிக்கு, உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து.

பெலிக்ஸுக்கு ஜெயில் முகவரியில் எழுதினேன். பதில் இல்லை. வாரம் ஒரு கடிதம் எழுத மதர் அனுமதித்திருக்கிறார்கள். பதில் வராவிட்டாலும் எழுதுவேன். நீ போய்ப் பார்ப்பாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கேட்கவில்லை. அவன் சாப்பிடுகிறானா என்று மட்டும் யாராவது சொன்னால் எனக்குத் தூக்கம் வரும்.

தண்ணீரைச் சின்னக் குடத்தில் தூக்கு.

வெரோனிகா

செஞ்சி
3.5.2026

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே வெயில் தாங்கவில்லை. மாடி ரூம் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. மற்றபடி சுகம்.

அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சாப்பிடுகிறான். இளைத்திருக்கிறான், தாடி நரைத்திருக்கிறது. உன் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். படித்தாயா என்றதற்குத் தலையை ஆட்டினான். கிளம்பப் போனபோது கேட்டான்.

"அந்தம்மா அப்ப பேசுச்சா?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை அக்கா. ஸ்டேஷனில் கேட்கவில்லை, கோர்ட்டில் கேட்கவில்லை. உனக்கும் எழுதவில்லை, எழுத முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அம்மாக்கண்ணு ஒரே ஒரு தடவைதான் பேசினார்கள். அவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சொல்லிவிட்டேன்.

"பேசுச்சிண்ணா. வண்டிக்காரருக்கு எதனா அடிபட்டுச்சான்னு கேட்டுச்சி."

அவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். காவலர் வந்து எழுப்பினார். எழுந்தவன் முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"நீ இன்னா சொன்ன?"

"இல்லம்மா, ஒண்ணும் இல்லன்னேன்."

கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டு, "அவங்க பொண்ணு வூட்டுக்குப் போனியா?" என்றான். போகவில்லை என்றேன். "போ. நான் வெளிய வந்ததும் வரேன்னு சொல்லு" என்றான். நான் படியிறங்கும்போது திரும்பக் கூப்பிட்டான். "வேணாம், அதச் சொல்லாத. நானே வந்துதான் சொல்லணும்."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மேல்சித்தாமூர் போகிறேன். வெண்மதி என்னை உள்ளே கூப்பிடுவாளா, தெரியாது. கூப்பிடாவிட்டால் வாசலில் நின்றாவது, அவள் அம்மா கடைசியாகக் கேட்டதைச் சொல்லிவிட்டு வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
டெய்சி